எல்பிஐசி-2 தேர்வில் டிஸ்க், கன்ட்ரோலர், கர்னல்: 204.2 பிரிவை நான் படித்த விதம்

லினக்ஸ் நிர்வாகிகளுக்கான எல்பிஐசி-2 (LPIC-2) சான்றிதழுக்கு 201, 202 என்று இரண்டு தேர்வுகள். இவற்றில் 201-ஆம் தேர்வில் 204.2 என்றொரு சின்னப் பிரிவு இருக்கிறது. பலவகை டிஸ்க்குகளுக்கு ஏற்பக் கர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, அமைப்பது, அவற்றின் அமைப்புகளைப் பார்ப்பது, மாற்றுவது, நெட்வொர்க் வழியாக வரும் ஐஸ்கஸி (iSCSI) டிஸ்க்குகளைச் சேர்ப்பது ஆகியவைதான் பாடம். பாடத்திட்டம் அதற்குத் தரும் எடை 2. மொத்தம் 60 கேள்விகளில் ஏறக்குறைய இரண்டுதான் இங்கிருந்து வரும். அதனாலேயே பலர் கட்டளைப் பெயர்களை மட்டும் உருப்போட்டுவிட்டு பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கையாளும் ரெய்டு, எல்விஎம் பக்கம் போய்விடுகிறார்கள்.

இந்தத் தேர்வை எழுதித் தேறிய பிறகு, உடன் வேலை பார்க்கும் இளையவர்கள் சிலருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். 204.2-ஐ ஒழுங்காகப் படித்தவர்களுக்குக் கர்னல் தலைப்பில் பாதி தானாகவே விளங்கிவிடுவதைப் பார்க்கிறேன். அந்தத் தலைப்பின் எடை 9. வேலையில் ஒரு சர்வர் பூட் ஆகாமல் நிற்கும்போது கைகொடுப்பதும் இந்த அறிவுதான். அதனால் எடையைப் பார்த்து நேரம் ஒதுக்காதீர்கள்.

கட்டளைகளைப் பட்டியலாகப் படித்தால் ஒன்றோடொன்று குழம்பும். ஒரு கோப்பைப் படிக்கச் சொன்னால் அந்தக் கோரிக்கை எந்த வழியாக டிஸ்க்குக்குப் போகிறது என்று முதலில் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மேலே கோப்பு முறைமை. அதன் கீழே பிளாக் அடுக்கு. வரிசையை முடிவு செய்யும் ஷெட்யூலர் இங்கேதான் இருக்கிறது. அதற்கும் கீழே ஸ்கஸி (SCSI) அடுக்கு, பிறகு ஏடிஏ டிஸ்க்குகளுக்கான லிப்ஏடிஏ (libata), பிறகு சாட்டா கன்ட்ரோலரோடு பேசும் ஏஎச்சிஐ (AHCI) டிரைவர், கடைசியில் கன்ட்ரோலரும் டிஸ்க்கும். இது சாட்டா டிஸ்க்கின் பாதை. புதுவகை எஸ்எஸ்டி-களின் என்விஎம்இ-க்கு (NVMe) ஸ்கஸியும் கிடையாது, லிப்ஏடிஏ-வும் கிடையாது. பிளாக் அடுக்கிலிருந்து நேராக என்விஎம்இ டிரைவருக்கே போய்விடும். இந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால், எந்தக் கட்டளை எந்த அடுக்கோடு பேசுகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

சாட்டா டிஸ்க்குக்கு ஏன் எஸ்டிஏ (sda) என்று பெயர் வருகிறது என்பதற்கும் இந்தப் படத்திலேயே பதில் இருக்கிறது. லிப்ஏடிஏ தன் டிஸ்க்குகளை ஸ்கஸி டிஸ்க்குகளாகவே மேலே காட்டுகிறது. சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ டிஸ்க்குகளுக்கான பழைய டிரைவர்தான் எச்டிஏ (hda), எச்டிபி என்று பெயர் வைத்தது: முதல் கேபிளின் மாஸ்டர் எச்டிஏ, ஸ்லேவ் எச்டிபி, இரண்டாவது கேபிளின் மாஸ்டர் எச்டிசி. அந்த டிரைவரை 2021-இல் வந்த 5.14 கர்னலிலேயே எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் பாடத்திட்டத்தில் அந்தப் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. பழசு என்று தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்து, கர்னல் கம்பைல். இதில் படிப்பதைவிடச் செய்து பார்ப்பதுதான் முக்கியம். கர்னலில் எவை இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக் (menuconfig) திரையைத் திறந்து மூன்று இடங்களைத் தேடுங்கள்: ஸ்கஸி டிஸ்க் ஆதரவு, ஏடிஏ ஆதரவு, அதற்குள் ஏஎச்சிஐ. ஒவ்வொன்றையும் கர்னலுக்குள்ளேயே சேர்க்கலாம், இல்லை தேவைப்படும்போது ஏற்றும் தனி மாட்யூலாக வைக்கலாம். மாட்யூல் கோப்பு இருப்பது டிஸ்க்கில். அந்த டிஸ்க்கைப் படிக்க அதே மாட்யூல் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்காகவே இனிட்ராம்எஃப்எஸ் (initramfs) என்ற சிறிய தற்காலிகக் கோப்பு முறைமை இருக்கிறது: பூட்லோடரே அதை நினைவகத்தில் ஏற்றிவிடும், கர்னல் மாட்யூலை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் பூட் செய்ய வேண்டுமென்றால், ரூட் டிஸ்க்குக்குத் தேவையான டிரைவர்கள் எல்லாம் கர்னலுக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

இதை ஒரு மெய்நிகர் கணினியில் வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். ஏஎச்சிஐ-ஐ எடுத்துவிட்டு, இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல், ரூட் எஸ்டிஏ1 என்று நேரடியாகக் கொடுத்து பூட் செய்யுங்கள். ரூட் கோப்பு முறைமையை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று கர்னல் பேனிக் ஆகி அப்படியே நின்றுவிடும். அந்த வரியின் முடிவில் அடைப்புக்குறிக்குள் 0,0 என்று இரண்டு எண்கள் நிற்கும். நீங்கள் சொன்ன டிஸ்க் கர்னலின் கண்ணிலேயே படவில்லை என்று பொருள். பிறகு ஏஎச்சிஐ-ஐச் சேர்த்துவிட்டு, எக்ஸ்ட்4 (ext4) கோப்பு முறைமைக்கான ஆதரவை மட்டும் மாட்யூலாக மாற்றிப் பாருங்கள். அதே பேனிக்தான் வரும், ஆனால் எண்கள் இப்போது 8,1. மேஜர் எண் 8 ஸ்கஸி டிஸ்க்குக்கு உரியது, மைனர் 1 முதல் பார்ட்டிஷன். அதாவது டிஸ்க் கிடைத்துவிட்டது, கோப்பு முறைமைதான் புரியவில்லை. இந்த இரண்டு எண்களைப் படிக்கத் தெரிந்துவிட்டால் டிரைவர் சிக்கலா, கோப்பு முறைமைச் சிக்கலா என்பதைத் திரையைப் பார்த்தவுடனேயே சொல்லிவிடலாம். எஸ்டிஏ1 என்பதற்குப் பதிலாக யூயூஐடி (UUID) என்ற கோப்பு முறைமையின் அடையாள எண்ணைக் கொடுத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்-இன் வேலை என்பதால் டிஸ்க் நன்றாக இருந்தாலும் 0,0 தான் வரும்.

கர்னல் செய்திகளை வாசிக்கும் பழக்கமும் இதே நேரத்தில் வர வேண்டும். அவற்றைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையின் வெளியீட்டில் ஏடிஏ1 என்று தொடங்கும் வரிகளை நிதானமாகப் பாருங்கள். சாட்டா இணைப்பு 6.0 ஜிபிபிஎஸ் என்று ஒரு வரி, என்சிக்யூ (டிஸ்க்கின் கட்டளை வரிசை) ஆழம் 32 என்று ஒரு வரி, யூடிஎம்ஏ/133 என்ற டிஎம்ஏ முறைக்கு அமைக்கப்பட்டது என்று ஒரு வரி. இவற்றை வாசிக்கத் தெரிந்தவருக்கு டிஎம்ஏ, அதாவது சிபியு இடையில் வராமல் தரவை நினைவகத்துக்கு மாற்றும் முறை, பற்றிய கேள்வி கஷ்டமே இல்லை.

டிஸ்க் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் எச்டிபார்ம் (hdparm) கட்டளைக்கு வருவோம். ஐ என்ற ஆப்ஷனில் சிறிய எழுத்தைக் கொடுத்தால் பூட் நேரத்தில் கர்னல் சேகரித்து வைத்த தகவல் வரும். பெரிய எழுத்தைக் கொடுத்தால் டிஸ்க்கிடமே நேரடியாகக் கேட்டு வாங்கித் தரும். டி என்ற ஆப்ஷனிலும் இதே போல இரண்டு உண்டு: சிறியது டிஸ்க்கிலிருந்து படிக்கும் வேகம், பெரியது நினைவகக் கேஷிலிருந்து படிக்கும் வேகம். டிஎம்ஏ-வை இயக்கும் ஆப்ஷன் பழைய ஐடிஇ டிரைவரின் காலத்தது. லிப்ஏடிஏ-வின் கீழ் இருக்கும் டிஸ்க்கில் கொடுத்தால் பிழைதான் வரும். அங்கே டிஎம்ஏ-வை நிறுத்த வேண்டுமென்றால் பூட் நேரத்தில் லிப்ஏடிஏ-வுக்கான டிஎம்ஏ பராமீட்டரில் 0 கொடுக்க வேண்டும்.

டிஸ்க் தானாகச் சுழற்சியை நிறுத்தும் நேரத்துக்கான ஆப்ஷன் பெரிய எழுத்து எஸ். இதன் கணக்கைப் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். 1 முதல் 240 வரை உள்ள எண்ணை 5 விநாடியால் பெருக்க வேண்டும். 120 என்றால் 10 நிமிடம், 240 என்றால் 20 நிமிடம். 241-இலிருந்து 251 வரை கணக்கே வேறு, ஒவ்வொரு படியும் 30 நிமிடம். 241 அரை மணி நேரம், 242 ஒரு மணி நேரம். 0 கொடுத்தால் அந்த வசதியே நின்றுவிடும்.

எஸ்டிபார்ம் (sdparm) ஸ்கஸி டிஸ்க்குகளின் மோட் பக்கங்களோடு, அதாவது அவற்றின் அமைப்புகள் இருக்கும் இடத்தோடு, பேசும் கருவி. பாடத்திட்டம் அதைப் பற்றிய அறிமுகத்தை மட்டுமே கேட்கிறது. டபிள்யூசிஇ என்ற எழுதும் கேஷ் அமைப்பைப் பார்ப்பது, இயக்குவது, நிறுத்துவது வரை போதும். கையில் ஸ்கஸி டிஸ்க் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஸ்கஸி டீபக் என்ற கர்னல் மாட்யூலை ஏற்றினால் நினைவகத்திலேயே ஒரு போலி ஸ்கஸி டிஸ்க் உருவாகிவிடும். எதையும் இழக்கும் பயம் இல்லாமல் அதில் விளையாடலாம்.

என்விஎம்இ-இல் பெயர்தான் முதலில் பிடிபட வேண்டும். என்விஎம்இ0 என்பது கன்ட்ரோலர். என்விஎம்இ0என்1 என்பது அதில் உள்ள முதல் நேம்ஸ்பேஸ். நாம் டிஸ்க் என்று நினைப்பது இதைத்தான். பி1 சேர்த்தால் பார்ட்டிஷன். ஏஎச்சிஐ-இல் ஒரு போர்ட்டுக்கு ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். என்விஎம்இ வரையறை 65,000-க்கும் மேற்பட்ட வரிசைகளை அனுமதிக்கிறது. அதனால் ஒவ்வொரு சிபியு-வுக்கும் தனி வரிசை, தனி இன்டரப்ட் (சாதனம் சிபியு-வை அழைக்கும் சமிக்ஞை) என்று கர்னல் பிரித்துக்கொடுக்க முடிகிறது. பிராக் (/proc) அடைவில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: ஏஎச்சிஐ-க்குப் பெரும்பாலும் ஒரு வரி, என்விஎம்இ-க்கு வரிசைக்கு ஒன்றாகப் பல வரிகள்.

ஷெட்யூலர் விஷயத்தில் பழைய புத்தகங்கள் உங்களைத் திசைதிருப்பும். நூப், டெட்லைன், சிஎஃப்க்யூ மூன்றும் 2019-இல் வந்த 5.0 கர்னலோடு போய்விட்டன. இப்போது இருப்பவை நன், எம்க்யூ-டெட்லைன், பிஎஃப்க்யூ, கைபர். சிஸ் (/sys) அடைவில் அந்தந்த டிஸ்க்கின் க்யூ பகுதிக்குள் ஷெட்யூலர் கோப்பு இருக்கும். சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் நடப்பில் உள்ளது. இதில் செய்யும் மாற்றம் மறுதொடக்கத்தோடு போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால், சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் (udev) சேவைக்கு ஒரு விதி எழுத வேண்டும், ஏனென்றால் இது சிஸ் அடைவு சார்ந்தது. சிஸ்சிடிஎல் (sysctl) கட்டளை பிராக் அடைவின் சிஸ் பகுதியைத்தான் (/proc/sys) மாற்றும். டர்ட்டி ரேஷியோ மாதிரியான நினைவக அமைப்புகள் அங்கே வரும். அவற்றை சிஸ்சிடிஎல் கான்ஃப் கோப்பில் எழுதி நிலைப்படுத்தலாம். இந்த இரண்டு சிஸ்-களையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி-க்கு எஃப்எஸ்ட்ரிம் கட்டளையையும், மவுன்ட் செய்யும்போது தரும் டிஸ்கார்ட் ஆப்ஷனையும் ஒப்பிட்டுப் படியுங்கள். டிஸ்கார்ட், கோப்பு அழியும்போதெல்லாம் அந்த இடம் காலி என்று டிஸ்க்குக்குச் சொல்லும். எஃப்எஸ்ட்ரிம் நாம் ஓட்டும்போது மொத்தமாகச் சொல்லும். சிஸ்டம்டி-இல் அதற்கென்று இருக்கும் டைமர் வாரம் ஒரு முறை ஓடும். பெரும்பாலான இடங்களில் அந்த டைமரே போதும் என்பது என் கருத்து.

ஐஸ்கஸிக்கு நேரம் அதிகம் ஒதுக்குங்கள். இரண்டு மெய்நிகர் கணினிகள் போதும். ஒன்றில் டார்கெட்சிஎல்ஐ (targetcli) மூலம் ஒரு கோப்பை டிஸ்க்காகப் பகிருங்கள், இது டார்கெட்; மற்றதில் அதைப் பயன்படுத்தும் இனிஷியேட்டரை நிறுவுங்கள். முதலில் டிஸ்கவரி, அப்புறம் லாகின். இந்த வரிசை மாறாது. டிஸ்கவரியில் சென்ட்டார்கெட்ஸ் வகையும் போர்ட்டல் முகவரியும் தருவோம், போர்ட் 3260. லாகினில் டார்கெட்டின் ஐக்யூஎன் (iqn) பெயரையும் தர வேண்டும். அந்தப் பெயரின் அமைப்பைப் பாருங்கள்: ஐக்யூஎன், ஆண்டும் மாதமும், தலைகீழாக எழுதிய டொமைன், முக்காற்புள்ளி, பிறகு நாம் வைக்கும் பெயர். பூட் ஆனதும் தானாக லாகின் ஆக வேண்டுமா என்பதை ஐஸ்கஸிடி கான்ஃப் கோப்பில் உள்ள ஸ்டார்ட்அப் வரி தீர்மானிக்கும். மவுன்ட் பட்டியலான எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் நெட்டெவ் (_netdev) ஆப்ஷனையும் சேர்க்க மறக்காதீர்கள்; நெட்வொர்க் எழும்பிய பிறகுதான் மவுன்ட் செய்ய வேண்டும் என்று சொல்வது அதுதான்.

லாகின் ஆனதும் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையை ஓட்டிப் பாருங்கள். நெட்வொர்க் வழியாக வந்த டிஸ்க் எஸ்டிபி என்று நிற்கும். கீழே கேபிள் இருந்தாலும் நெட்வொர்க் இருந்தாலும் ஸ்கஸி அடுக்குக்கு அது ஒரு ஸ்கஸி டிஸ்க், அவ்வளவுதான். அடுத்த முறை பூட் ஆகும்போது அதுவே எஸ்டிசி ஆகலாம். டபிள்யூடபிள்யூஐடி (WWID), டபிள்யூடபிள்யூஎன் (WWN), எல்யுஎன் (LUN) என்ற அடையாளங்கள், ஸ்கஸிஐடி (scsi_id) கட்டளை எல்லாம் பாடத்தில் ஏன் இருக்கின்றன என்பது இந்த இடத்தில்தான் புரியும்: பெயர் மாறினாலும் டிஸ்க்கை அடையாளம் காண ஒரு நிலையான வழி வேண்டும். நெட்வொர்க் வழி டிஸ்க்குக்கான மற்ற நெறிமுறைகளான ஏஓஇ (AoE), எஃப்சிஓஇ (FCoE) இரண்டும் ஐபி இல்லாமல் நேரடியாக ஈத்தர்நெட் மேல் ஓடுபவை என்பதும், ஐஸ்கஸி டிசிபி மேல் ஓடுவது என்பதும் தெரிந்தால் அந்தப் பகுதி முடிந்தது.

தேர்வு 90 நிமிடம். தேறும் மதிப்பெண் 500, அளவுகோல் 200 முதல் 800 வரை. தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு, கட்டளையையோ கோப்பின் முழுப் பாதையையோ நீங்களே தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகளும் வரும். மேன் பக்கங்கள் (கட்டளைகளின் உதவிக் குறிப்புகள்) எதையும் அங்கே திறக்க முடியாது. அதனால் கடைசி வாரத்தில் பெயரைத் தானாக நிரப்பும் டேப் விசையைத் தொடாமல் கட்டளைகளை முழுதாக அடித்துப் பழகுங்கள்; ஐஸ்கஸி கட்டளைகளையும் சிஸ் அடைவின் பாதைகளையும் தாளில் கையால் எழுதிப் பாருங்கள்.