கதை பொய்யில்லை

ரெண்டு நாளாக மனசு ஓசெட்டிலேயே நிற்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் மக்கா பழங்குடிகளின் பழைய ஊர் அது. ஒருகாலத்தில் பெரிய மண்சரிவு வந்து வீடுகளை அப்படியே மூடிவிட்டது என்று அவர்களுடைய பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். 1970இல் புயல் கரையை அரித்ததும் மரச்சாமான்கள் வெளியே தெரிந்தன. பழங்குடித் தலைவரே தொல்லியலாளர் ரிச்சர்ட் டாஹர்ட்டியைக் கூப்பிட்டார். கூப்பிட்டது அவர்கள், அதைக் கவனியுங்கள்!

11 வருஷம் தோண்டினார்கள். மண்வெட்டி பட்டால் ஊறிய மரம் சிதைந்துவிடும். அதனால் குழாயில் தண்ணீரைப் பீய்ச்சியே சேற்றைக் கரைத்தார்கள். கூடைகள், பெட்டிகள், தூண்டில்கள் என்று 55,000 பொருட்கள் போல. செடார் என்ற ஊசியிலை மரத்தில் செதுக்கிய திமிங்கல முதுகுத் துடுப்பு ஒன்று. அதில் 700க்கும் மேல் கடல்நீர்நாய்ப் பற்களைப் பதித்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேச்சே வரவில்லை.

எது எதற்கான பொருள் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் மக்கா பெரியவர்கள். எடுத்ததை எந்தப் பெருநகரமும் கொண்டுபோகவில்லை. 1979இல் நியா பே ஊரில் அவர்களே அருங்காட்சியகம் திறந்தார்கள். கிடங்கில் பொருட்களுக்கு மக்கா மொழிப் பெயர்களையே எழுதி அடுக்கியிருக்கிறார்கள்.