காகிதத்தைப் பிடுங்காதீர்கள், வாசிக்க விடுங்கள்

ஒருவழியாக வெட்டுக் கொத்து தேவைப்படாத ஒரு பதிவு கைக்கு வந்துவிட்டது. ராமநாதபுரம் பக்கத்து நேயர், எழுபதைத் தாண்டியவர். பேத்தி கேட்கிறாள், இவர் பேசுகிறார். தொடக்கத்தில் தொண்டையைச் செருமும் இடத்தைத் தவிர நான் எதிலும் கை வைக்கவில்லை. இலங்கை வானொலி நினைவுகளை நேயர்கள் குரலிலேயே சேகரித்து ஒரு சிறப்புப் பகுதி போடலாம் என்று இறங்கியதிலிருந்து இப்படி ஒன்றுக்காகத்தான் காத்திருந்தேன்.

நம் பாட்காஸ்டைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பதைக் கடந்தவர்கள். ஆனால் கதை இருப்பது அவர்களிடம் இல்லை, அவர்களுடைய அப்பா அம்மாவிடம். இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் 'திரைவிருந்து' நிகழ்ச்சிக்காகச் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்ட குடும்பங்கள், இன்னொரு அறிவிப்பாளரான அப்துல் ஹமீதின் உச்சரிப்பைக் கேட்டே தமிழைத் திருத்திக்கொண்ட வாத்தியார்கள், பிறந்தநாள் வாழ்த்துக்குக் கொழும்புக்கு அஞ்சலட்டை போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் என்று சரக்குக்குப் பஞ்சமே இல்லை. அதைக் குரலாக வெளியே எடுப்பதுதான் பாடு.

'உங்கள் வானொலி நினைவைப் பேசி அனுப்புங்கள்' என்று கேட்டால் இந்தத் தலைமுறை என்ன செய்கிறது தெரியுமா? எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கிறது. 'அன்புடையீர், வணக்கம்' என்று ஆரம்பித்து, 'இவ்வண்ணம்' என்று முடியும் வரை ஒரே மூச்சு. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அவர்கள் காலத்து நேயர் என்றால் கடிதம் எழுதுபவர். பேசுவது அறிவிப்பாளர் வேலை. அதனால் எழுதாதவர்கள் இன்னொரு பக்கம் போய்விடுகிறார்கள்: மைக்கைப் பார்த்ததும் அறிவிப்பாளராகவே மாறிவிடுகிறார்கள். குரல் கனத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, சிலர் நேரம் கூடச் சொல்கிறார்கள். நன்றாகத்தான் செய்கிறார்கள், ஆனால் அவர்களுடைய சொந்தக் குரல் அதில் வரவே மாட்டேன் என்கிறது.

கேள்விகளை வரிசையாக எழுதி அனுப்பியும் பார்த்தேன். 'முதலாவது வினாவுக்கான விடை' என்று பரீட்சைத் தாள் வந்தது. தொலைபேசியில் கூப்பிட்டால் அருமையாகப் பேசுகிறார்கள், ஆனால் அதைப் பதிவது தொல்லை. ஆண்ட்ராய்டில் அழைப்பைப் பதியும் செயலிகளுக்கு 2022இல் கூகுள் கதவைச் சாத்திவிட்டது. போனோடு வரும் வசதியில் பதியலாம் என்றால், 'இந்த அழைப்பு பதிவாகிறது' என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. அவ்வளவுதான், மறுமுனையில் அறிவிப்பாளர் எழுந்துவிடுகிறார்.

வழி கிடைத்தது ஸ்டோரிகார்ப்ஸ் என்ற அமெரிக்க உரையாடல் பதிவுத் திட்டத்திலிருந்து. டேவ் ஐசே 2003இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சின்னப் பதிவுக்கூண்டு வைத்து ஆரம்பித்தது. அங்கே ஒருவரையொருவர் அறிந்த இரண்டு பேர் உள்ளே போய் நாற்பது நிமிடம் பேசுவார்கள். கேட்பவர் நிருபர் இல்லை. மகளோ, நண்பரோ, கணவரோ. அந்தப் பதிவுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போகின்றன. நமக்கு நூலகமெல்லாம் எட்டாது, ஆனால் கேட்பவரை மாற்றும் யோசனை எட்டும். நான் விலகிக்கொண்டு பேரன் பேத்திகளிடம் கேள்வியைக் கொடுத்தேன்.

இதில்தான் நான் பைத்தியமாக உட்கார்ந்துவிட்டேன். எந்தக் கேள்வியை முதலில் வைப்பது? 'நினைவு', 'அனுபவம்', 'அந்தக் காலம்' போன்ற சொற்கள் கேள்வியில் இருக்கவே கூடாது. வந்தால் உரைநடை ஆரம்பித்துவிடும். இப்போதைக்கு என் முதல் கேள்வி, 'ரேடியோ வீட்டில் எங்கே இருந்தது?' அவ்வளவுதான். பதில் சொல்ல அவர் மனதுக்குள் வீட்டுக்குள் நுழைய வேண்டும். மாடப் பிறையா, அலமாரியா, அதன் மேல் துணி போர்த்தியிருந்ததா என்று தானாக வரும். அடுத்தது, 'அதை யார் தொடலாம்?' இந்தக் கேள்விக்குச் சண்டை நிச்சயம். பெரியப்பா, அண்ணன், ஸ்டேஷன் மாற்றியதற்கு வாங்கிய அடி, எல்லாம் இதில்தான் வெளிவருகிறது. ராமநாதபுரத்துத் தாத்தா தன் அண்ணன்மேல் இன்னும் கோபமாக இருக்கிறார்.

பேரப்பிள்ளைகளுக்கு ஒரே கண்டிப்பு: நடுவில் 'ம்ம்', 'சூப்பர் தாத்தா' எல்லாம் வேண்டாம், தலையை மட்டும் ஆட்டுங்கள். அவர் நிறுத்தினாலும் உடனே அடுத்த கேள்விக்குப் பாயாதீர்கள். நிறுத்தியபின் 'இன்னொண்ணு கேளு' என்று வருவதுதான் பெரும்பாலும் நல்ல சரக்கு.

அப்புறம் காகிதம். அதை வாங்கி வைத்துவிடச் சொன்னபோதெல்லாம் தாத்தாக்கள் முகம் தூக்கிக்கொண்டார்கள். அந்தப் பேத்தி கெட்டிக்காரி, முதலில் முழுவதையும் வாசிக்க விட்டிருக்கிறாள். அதைத் தனிக் கோப்பாகவே எனக்கு அனுப்பினாள். வாசித்து முடித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தவருக்கு வேலை முடிந்த நிம்மதி. பதிவு புதிதாக ஓடத் தொடங்கியதும், 'சரி தாத்தா, அது எங்க இருந்துச்சு?' என்கிறாள். அதன்பின் வருவதுதான் நான் சொன்ன பதிவு. மற்றவர்களுக்கும் இதையே சொல்லிக்கொடுத்தேன், ஏறக்குறைய எல்லாருக்கும் பலிக்கிறது. காகிதத்தில் இருக்கும் அதே சம்பவம் மறுபடி வாய்வழியாக வரும்போது நீளம் பாதியாகிவிடுகிறது, ஆள் பெயர்கள் இரட்டிப்பாகின்றன.

ஒலித் தரம் பற்றிக் கேட்பீர்கள். வாட்ஸாப்பின் மைக் பொத்தானை அழுத்திப் பேசி அனுப்பாதீர்கள். ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறையில் நன்றாக நசுக்கி அனுப்புகிறது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அலைமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) திறந்தால் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெறும் இருட்டு, கூர்மையான ஒலியே இல்லை. போனின் ரெக்கார்டரில் பதிந்து 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அப்படியே வருகிறது. மின்விசிறியை நிறுத்தச் சொல்ல மனம் வராது, மே மாதம் வேறு. பேசும் முன் பத்து நொடி சும்மா இருக்கச் சொன்னால், பின்னணி இரைச்சலை மட்டும் தனியே எடுத்து, பிறகு அதைக் குறைக்க வசதி. ஆனால் அந்தப் பத்து நொடியையும் 'ஹலோ, ஹலோ' என்று நிரப்பிவிடுகிறார்கள். குக்கர் விசிலை அப்படியே விட்டுவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது.

இரைச்சலை நீக்குவதாகச் சொல்லும் இலவசச் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். ஸ்டூடியோ மாதிரி வந்தது, சரி. ஆனால் 'யாழ்ப்பாணம்' என்று சொன்ன இடத்தில் ழகரம் வழுக்கி வேறெதுவோ ஆகிவிட்டது, தாத்தாவின் இழுப்பும் காணோம். இனி அந்தப் பக்கம் போவதாக இல்லை. பழைய முறையிலேயே கொஞ்சமாக இரைச்சலைக் குறைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் உறுமலை வெட்டிவிடுகிறேன்.

சட்டையில் குத்தும் மைக் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். போயா பிஒய்-எம்1, ஆறு மீட்டர் வயர், தாத்தாவுக்கும் போனுக்கும் நடுவில் ஒரு கூடமே கொள்ளும். முனையில் நாலு உலோகப் பகுதிகள் (நடுவே மூன்று கருப்புக் கோடுகள்) என்பதால் போனில் வேலை செய்கிறது. முனையில் மூன்றே உலோகப் பகுதிகள் உள்ள கேமரா மைக்கை வாங்கிவிட்டுப் பதியவில்லை என்று புலம்புபவர்கள் கவனிக்கவும். காதொலி துளை இல்லாத போன்களுக்கு டைப்-சி மாற்றி வாங்கும்போது உள்ளே ஒலியை மாற்றித்தரும் சிப் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவானதில் இருக்காது, பல போன்களில் சத்தமே போகாது. இந்த மைக்கை வீடு வீடாகக் கூரியரில் சுற்றவிடலாமா என்று யோசிக்கிறேன்.

அனுமதியைக் குரலிலேயே வாங்குகிறேன், பேச்சின் கடைசியில். முதலில் கேட்டால் மறுபடி அறிவிப்பாளர் வந்துவிடுவார். ரேடியோ திருடியதாக ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரை ஊர் பேரோடு சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் பிள்ளைகள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள், பேச்சில் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடுவேன். ஆண்டுகளைத் திருத்துவதில்லை. இலங்கை வானொலி 'கூட்டுத்தாபனம்' (கார்ப்பரேஷன்) ஆக மாறியது 1967இல். 1960லேயே கூட்டுத்தாபனம் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். சொல்லட்டும், என் முன்னுரையில் சரியான ஆண்டு இருக்கும்.

வரிசைப்படுத்தும் வேலை பாதியில் நிற்க, மனம் அடுத்ததற்குத் தாவிவிட்டது. யாழ்ப்பாணத்தில் 1990களில் மின்சாரமும் இல்லாமல், பேட்டரிக்கும் தடை இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டவர்கள் இருக்கிறார்கள். பலர் இப்போது டொராண்டோவில். அங்கே இருக்கும் நேயர் ஒருவர் தன் அம்மாவைப் பேசவைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார், கேள்விகளை அனுப்பிவிட்டேன். 'ரேடியோ எங்கே இருந்தது?' என்பதோடு, 'யார் சுற்றியது?' என்பதையும் சேர்த்திருக்கிறேன். பின்னணிக்கு அந்தச் சத்தம் வேண்டும். ஓடும் நிலையில் பழைய சைக்கிள் டைனமோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மைக்கோடு நானே வருகிறேன்.