பலூன் விடும் முன் ஒரு கணக்கு: காஸ்மிக் கதிர் ப்ராஜெக்ட் எடுப்பவர்களுக்கு

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு, விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்களான காஸ்மிக் கதிரைத் தேர்ந்தெடுக்க நினைக்கிறீர்களா? தயங்காமல் எடுங்கள். நானும் அதைத்தான் எடுத்தேன். துகள் கடந்தால் மின்துடிப்பு தரும் கெய்கர் குழாய்கள் இரண்டை மேலும் கீழுமாக வைத்து, இரண்டிலும் ஒரே சமயத்தில் துடிப்பு வந்தால் மட்டும் எண்ணும் எளிய கருவி. ஆனால் சால்டரிங் அயர்னைத் தொடும் முன், இந்தக் கருவியால் எவ்வளவு சிறிய மாற்றத்தைப் பிடிக்க முடியும் என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

தரைமட்டத்தில் ஒரு சதுர செ.மீ. பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் ஒரு மியூவான் (காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது பிறக்கும் துகள்) விழுகிறது. 10 சதுர செ.மீ. குழாய்க்கு நிமிடத்துக்குப் பத்து. எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் பிழை என்பதால், பிழை 1 சதவீதமாகக் குறைய 10,000 மியூவான்கள் வேண்டும். கிட்டத்தட்ட 17 மணி நேரம்! சூரியப் புயலையடுத்துச் சில நாள் நீடிக்கும் ஃபோர்புஷ் சரிவு (காஸ்மிக் கதிர் எண்ணிக்கை குறைவது) பெரிதாக இருந்தால் சிக்கும். சில நிமிட மாற்றம் சிக்கவே சிக்காது. ஊட்டியிலுள்ள கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தில் மியூவான் கருவி 560 சதுர மீட்டருக்கு விரிந்திருப்பது இதற்காகத்தான். 2014 டிசம்பர் 1 அன்று அங்கே சில நிமிடங்கள் மியூவான் எண்ணிக்கை லேசாகக் குறைந்தது. அதை வைத்தே மேலிருந்த இடிமேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணித்தார்கள். எனக்கு இன்றும் சிலிர்க்கும் முடிவு அது.

இதே கருவியைப் பலூனில் கட்டி விடுவதானாலும் கணக்கு வேண்டும். பலூன் நொடிக்கு 5 மீட்டர் ஏறினால் ஒரு கி.மீ. அடுக்கில் 200 நொடிதான் இருக்கும். உயரத்தோடு எண்ணிக்கை மாறும் வடிவம் ஒரே பயணத்தில் கிடைத்துவிடும். நாளுக்கு நாள் மாற்றம் வேண்டுமென்றால் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ரஷ்யாவின் லெபெதேவ் நிறுவனம் 1957 முதல் அப்படித்தான் விட்டு, 11 ஆண்டுச் சூரியச் சுழற்சியைப் பதிவு செய்தது.

காற்றழுத்தம் மாறுவதால் எண்ணிக்கையில் வரும் மாற்றத்தை நீக்கும் காற்றழுத்தத் திருத்தத்தைப் பழக, காஸ்மிக் கதிரால் பிறக்கும் நியூட்ரான்களை எண்ணும் ஃபின்லாந்தின் ஔலு நிலையத் தரவு போதும்; 1964 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் கூடினால் நியூட்ரான் எண்ணிக்கை சுமார் 0.7 சதவீதம் குறையும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எதிர்பார்க்க வேண்டிய கேள்வி: 15–20 கி.மீ.க்கு மேலே எண்ணிக்கை ஏன் குறைகிறது? அங்கே காற்று மெல்லியது. முதன்மைத் துகள்கள் மோதி இரண்டாம் நிலைத் துகள்களைப் பெருக்க அணுக்கள் போதாது. 1912-இல் பலூனில் ஏறிக் காஸ்மிக் கதிரைக் கண்டறிந்த ஹெஸ் இதைப் பார்த்தாரா என்று அடுத்துக் கேட்பார்கள். இல்லை, அவர் சுமார் 5.3 கி.மீ. வரைதான் போனார். எண்ணிக்கை உச்சம் தொட்டுக் குறையத் தொடங்கும் அந்த உயரத்தைக் கண்டது 1930களில் ரெகனரும் ஃபோட்சரும்.