ஜெயில்ல மனநல கிளினிக் ஆரம்பிச்சோம், ரிப்போர்ட்ல மாட்டிக்கிட்டோம்

நான் டிஎம்எச்பி, அதாவது மாவட்ட மனநலத் திட்ட டீம்ல சோஷியல் ஒர்க்கர். எங்க ஊர் சென்ட்ரல் ஜெயில்ல வாராவாரம் மனநல கிளினிக் நடத்த பர்மிஷன், ரூம், டாக்டர் வர்ற நாள் எல்லாம் பயந்த அளவுக்கு இல்ல, முடிஞ்சிடுச்சு. உயிரை எடுத்தது மூணு மாசத்துக்கு ஒருதடவை மனநல ரிவ்யூ போர்டுக்குப் போற ரிப்போர்ட்.

2017 மனநலச் சட்டம் 103வது பிரிவப் பாருங்க, ஜெயில்ல மனநோய் உள்ள கைதி யாரும் இல்லைன்னு மெடிக்கல் ஆபீசர் சர்டிஃபை பண்ணி அனுப்பணும்னு போட்டிருக்கு. இருந்தா என்ன எழுதுறதாம்? செக்‌ஷன் கிளார்க் பழைய ரிப்போர்ட்ல தேதிய மட்டும் மாத்தி கையெழுத்துக்கு வச்சிட்டாரு, இங்க நாங்க லித்தியம், ரிஸ்பெரிடோன்னு மனநோய் மருந்து கேட்டு இண்டென்ட் போட்டுட்டு நிக்குறோம். கேட்டா, "சட்டமே இல்லைன்னு எழுதத்தான் மேடம் சொல்லுது, இருக்குன்னு எழுதினா ஏன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலன்னு எங்களத்தான் கேப்பாங்க"ன்றாரு. பயம் நியாயம்தான், போர்டு நேர்ல வந்தே அப்படிக் கேக்கலாம்னு அதே பிரிவுல இருக்கு. ஆனா பேப்பர்ல ஆளே இல்லைன்னா நாளைக்கு மருந்து எதுக்கு, கவுன்சிலர் எதுக்குன்னு கேப்பாங்களே!

சண்டை போட்டு வேலைக்காகல. ரிப்போர்ட்டோட ஒரு அனெக்சர், தனி இணைப்புத் தாள், வைக்கச் சொன்னேன், பேர் இல்லாம எண்ணிக்கை மட்டும்: சிகிச்சைல எத்தன பேரு, ரெஃபர் பண்ணியும் ஏ.ஆர். (ஆயுதப்படை) போலீஸ் எஸ்கார்ட் கிடைக்காம போகாதவங்க எத்தன பேருன்னு. எஸ்கார்ட் கட்டத்தப் பார்த்ததும் கிளார்க் முகமே மலர்ந்துடுச்சு, பழி வேற டிபார்ட்மென்ட்டுக்குப் போகுதுல்ல. அன்னைக்கே தபால் போயிடுச்சு.

இன்னொன்னு, வெள்ளிக்கிழமை ராத்திரி ரிமாண்ட் ஆகுற குடிகாரங்கள விட்டுடாதீங்க. கடைசியா எப்ப குடிச்சேன்னு உள்ள வரும்போதே கேட்டு எழுத வைங்க. குடி நின்ன ஒரு நாளுக்குள்ளயே கை நடுங்கும், ரெண்டு மூணு நாள்ல உளறுவாங்க, ஃபிட்ஸ் அதுக்கு முன்னாடியே கூட வரும், அதுக்குள்ள டாக்டர் இல்லாத ஞாயித்துக்கிழமை வந்துடும், வார்டருங்க நடிக்கிறான்னு விட்டுடுவாங்க. இதுக்குக் குடுக்குற தயமின் (வைட்டமின் பி1), லோராசெபாம் மருந்து ஸ்டாக்ல இருக்கான்னு சனிக்கிழமையே பார்த்துடுங்க.

அப்புறம் பெயில். ஆர்டர் சாயங்காலம் வரும், ஆளு மாத்திரை இல்லாமலே கிளம்பிடுவான். ஒரு வாரத்து மாத்திரையும் மருந்துச் சீட்டு காப்பியும் கேட்லயே குடுத்து வைங்க. எங்க கேட்ல ஒரு வார்டர் அண்ணன் அதுக்குன்னு தனி நோட்டே போட்டிருக்காரு, எந்த ஜி.ஓ.வும் இல்லாம.