மூளை எம்ஆர்ஐ: ஒரே வெட்டு, பல படங்கள்

மூளை எம்ஆர்ஐ எடுத்தவர்கள் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து, "இந்த இடம் வெள்ளையா இருக்கே, அது என்ன?" என்று கேட்பார்கள். எந்த சீக்வென்ஸில் (படம் எடுக்கும் முறையில்) வெள்ளை என்று தெரியாமல் யாராலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

படத்துக்கான சிக்னல் வருவது பெரும்பாலும் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களிலிருந்து. 1.5 டெஸ்லா காந்தத்துக்குள் அவை சுமார் 64 மெகாஹெர்ட்ஸில் சுழல்கின்றன. 3 டெஸ்லாவில் 128. அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்தி அவற்றைச் சாய்த்துவிட்டு நிறுத்தினால், இரண்டு காரியங்கள் நடக்கும். காந்தத்தின் திசைக்கு அவை திரும்ப எடுக்கும் நேரம் டி1. ஒன்றோடொன்று ஒத்திசைந்து சுழல்வது குலைந்துபோக எடுக்கும் நேரம் டி2. அடுத்த அலை வரை எவ்வளவு நேரம் விடுகிறோம் (டிஆர்), சிக்னலை எப்போது கேட்கிறோம் (டிஈ) என்ற இரண்டை மாற்றினாலே படத்தின் முகம் மாறிவிடும்.

டிஆர் 500, டிஈ 15 மில்லிவிநாடி என்று வைத்தால் டி1 படம்: நீர் கறுப்பு, கொழுப்பு வெள்ளை. உடற்கூறு பார்க்க இதுதான் தோது. டிஆர் 4,000, டிஈ 100 என்றால் டி2: நீர் பளீரென்று வெள்ளை. மூளையில் வரும் நோய்களில் பல அந்த இடத்தில் நீரைக் கூட்டுவதால் டி2வில் வெள்ளையாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், மூளை தண்டுவட நீரும் அதே வெள்ளை. அதன் கரையோரம் உள்ள புண் மறைந்துபோகும். இதற்குத்தான் ஃப்ளேர் என்ற சீக்வென்ஸ். முதலில் அணுக்கருக்களைத் தலைகீழாகப் புரட்டி, அந்த நீரின் சிக்னல் பூஜ்யத்தைக் கடக்கும் தருணம் வரை (1.5 டெஸ்லாவில் ஏறத்தாழ 2,200 முதல் 2,500 மில்லிவிநாடி) காத்திருந்து படம் எடுப்பார்கள். நீர் கறுத்துவிடும், புண் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

பக்கவாதச் சந்தேகத்தில் முதலில் பார்க்க வேண்டியது டிஃப்யூஷன், அதாவது நீர் மூலக்கூறுகளின் நகர்வைக் காட்டும் படம். ரத்தம் நின்றுபோன செல்கள் நீரை உள்ளே இழுத்து வீங்குகின்றன; நீர் மூலக்கூறுகள் தாராளமாக நகர முடிவதில்லை. பி மதிப்பு (நகர்வை எவ்வளவு வலுவாகப் பதிய வைக்கிறோம் என்ற அளவு) 1,000 கொண்ட படத்தில் அந்த இடம் சில நிமிடங்களிலேயே ஒளிரத் தொடங்கும், சிடி ஸ்கேன் அப்போது ஒன்றும் இல்லை என்று காட்டினாலும். ஆனால் டிஃப்யூஷனில் ஒளிர்வதெல்லாம் புதுப் பக்கவாதம் அல்ல. டி2வில் மிகவும் வெள்ளையான பழைய புண்ணும் இங்கே ஒளிரும். பக்கத்திலுள்ள ஏடிசி வரைபடத்தை (நீர் எவ்வளவு நகர்கிறது என்பதை மட்டும் கணக்கிட்டுக் காட்டும் படம்) பாருங்கள்: அங்கே அதே இடம் கறுத்திருந்தால்தான் நீரின் நடமாட்டம் உண்மையிலேயே தடைபட்டிருக்கிறது என்று பொருள். சீழ்க்கட்டியும் அப்படிக் கறுக்கும் என்பதால் மற்ற படங்களையும் நோயாளியின் நிலையையும் சேர்த்துத்தான் முடிவு. ஒரு வாரம் பத்து நாளில் ஏடிசி பழைய நிலைக்கு ஏறிவிடும். மூளைத்தண்டில் வரும் சிறு அடைப்பு முதல் மணி நேரங்களில் தெரியாமலும் போகலாம்; அறிகுறி இருக்கும்போது எதுவும் காட்டாத டிஃப்யூஷனை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து.

ரத்தக்கசிவின் சுவடுகளுக்கு எஸ்டபிள்யூஐ என்ற சீக்வென்ஸ். கட்டி, தொற்று என்றால் கடோலினியம் என்ற மருந்து ஊசி, வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல்; ரத்த மூளைத் தடுப்பு (ரத்தத்திலிருந்து பொருள்கள் மூளைக்குள் கசியாமல் காக்கும் அரண்) உடைந்த இடத்தில் டி1 படம் வெளுக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

படம் கெடுவதற்கு முதல் காரணம் அசைவு. எம்ஆர்ஐ தரவில் ஒவ்வொரு துளியும் முழுப் படத்துக்கும் சேர்ந்தது. அதனால் நடுவில் ஒருமுறை தலையைத் திருப்பினாலும் பேய் நிழல்கள் படம் முழுக்கப் பரவும். தலைக்கும் அதைச் சுற்றி மாட்டும் காயிலுக்கும் (சிக்னலை வாங்கும் கூண்டு) இடையே ஸ்பாஞ்ச் வைத்து இறுக்குவது இதற்காகவே. பல் கிளிப் போட்டவர்களுக்கு டிஃப்யூஷன்தான் அதிகம் அடிவாங்கும்: நெற்றிப் பக்கம் கோணி, கறுத்துப் போகும். அதே ஆளின் டி2 ஓரளவு தப்பிவிடும்.

ஸ்கேன் ஓடாதபோதும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். கரண்ட் போனாலும் அப்படியே. ஆக்ஸிஜன் சிலிண்டர், கத்தரிக்கோல் எதுவும் அறைக்குள் போகக்கூடாது. பேஸ்மேக்கரோ மூளை அன்யூரிசம் கிளிப்போ (வீங்கிய ரத்தக்குழாயை அடைக்கப் போட்ட உலோகக் கிளிப்) இருந்தால் "ரொம்ப வருஷமா இருக்கு, ஒன்றும் ஆகாது" என்பது போதாது. மாடல் பெயர் உள்ள அட்டையைக் காட்டுங்கள்.

வேறு டாக்டரிடம் காட்டப் போகும்போது ஃபிலிமோடு எல்லாப் படங்களும் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் இருப்பது பொறுக்கி எடுத்த சில படங்கள், மாற்ற முடியாத வெளிச்ச அளவில். ஏடிசி பல நேரங்களில் அதில் இருக்கவே இருக்காது.