ஃபிளாக்ஸ்டாஃப்: புகை வாசத்தோடு ஒரு பைன் காடு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் ஊரிலிருந்து நேற்று இரவுதான் திரும்பினேன், சட்டையில் புகை வாசம் இன்னும் போகவில்லை. முதலில் டாக்சிச் செலவைச் சொல்லிவிடுகிறேன். பீனிக்ஸிலிருந்து ஏறிய வேன் இரண்டு மணி நேரம் தாமதம், உள்ளூர் பேருந்து போய்விட்டது, ஆறு மைலுக்கு 55 டாலர் கேட்டார் டிரைவர். பகல் கொள்ளை! என் ஒரு நாள் பட்ஜெட்டே 90.

ஆனால் காட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துபோனது. பாண்டரோசா பைன் பட்டையில் மூக்கை வைத்தால் வெனிலா வாசம். பாதைக்கு இடப்பக்கம் குச்சி குச்சியாக நெருக்கியடித்த மரங்கள், கீழே காய்ந்த ஊசியிலை, பேருக்கு ஒரு புல் இல்லை. வலப்பக்கம் சிறு மரங்களை வெட்டிக் கலைத்துவிட்டிருக்கிறார்கள். பெரியவை விலகி நிற்க, நடுவே வெயில் விழுந்து முழங்கால் உயரப் புல். தண்ணீருக்குப் போட்டி குறைவதால் மிஞ்சிய மரங்களுக்குப் பிசின் நன்றாகச் சுரந்து, பட்டையைத் துளைத்து மரத்தைக் கொல்லும் வண்டை எதிர்க்கும் தெம்பும் கூடுகிறது.

ஒரு காலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு தீ ஓடி மரக்கன்றுகளை எரித்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆடுமாடுகள் புல்லை மேய்ந்து தீர்த்தன, அப்புறம் அரசும் எல்லாத் தீயையும் அணைக்கத் தொடங்கியது, ஏக்கருக்குச் சில பத்து மரங்கள் நின்ற இடத்தில் பல நூறு முளைத்துவிட்டன. 2010இல் யாரோ அணைக்காமல் போன முகாம் நெருப்பு 15,000 ஏக்கரைத் தின்றது. அடுத்த மாத மழையில், வெந்த சரிவிலிருந்து இறங்கிய வெள்ளம் 12 வயதுச் சிறுமியைக் கொண்டுபோனது. 2012இல் மரங்களைக் கலைக்க ஒரு கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஊர் மக்களே ஓட்டுப் போட்டார்கள்.

அதற்காகக் கண்ட மாதிரி வெட்டலாமா? கூடாது. காதில் குஞ்சம் வைத்த ஏபர்ட் அணிலைப் பார்த்தேன், அப்படி ஒரு அழகு! அது தோண்டித் தின்னும் பூஞ்சைதான் பைன் வேரோடு ஒட்டி வாழ்வது. அந்தப் பூஞ்சையின் வித்துகளைப் பரப்புவதும் இதே அணில்தான். கிளையோடு கிளை கோத்த மரக்கொத்துகளை அங்கங்கே விட்டுவைத்தால்தான் அது பிழைக்கும். வெட்டிய கிளைகளை அப்படியே குவித்துப் போட்டிருந்த இடங்களைப் பார்த்தபோது கோபமே வந்தது, அது விறகுக் கிடங்கு! எரித்தாலும், குவியலுக்கு அடியில் மண் வெந்து சீட்கிராஸ் என்ற வந்தேறிப் புல் புகுந்துவிடும், அதுவும் சீக்கிரம் காய்ந்து தீக்குத் தீனியாகும். வெட்டியதோடு நிறுத்தாமல் குளிர்ந்த மாதங்களில் தரைத் தீயும் வைத்தால்தான் வேலை முடியும். என் சட்டைப் புகை அப்படி வைத்த தீயினுடையது.

மதியம் நவஹோ பழங்குடியினர் பெயரில் வரும் நவஹோ டாகோ, 14 டாலர்: பட்டூரா மாதிரி பொரித்த ரொட்டி மேல் பீன்ஸ், பச்சை மிளகாய். ஒன்றை இரண்டு பேர் சாப்பிடலாம். அக்டோபரில் போகிறவர்கள் என்றைக்குத் தீ வைக்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், டாக்சியில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள்.