பெயருக்குக் கீழே ஒரு வரி

“மூன்றாவது பெயருக்குக் கீழே ஏன் ஒன்றும் இல்லை?” என்று பியானோ வாசிக்க வந்தவர் கேட்டார்.

“எழுத எதுவும் இல்லையே” என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்ட பதில். கச்சேரி தொடங்க இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அவர் கையுறையைக்கூடக் கழற்றாமல், வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் முதலில் அச்சுக்குக் கொடுத்த சுவரொட்டியில் மூன்று பெண் இசையமைப்பாளர்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன: கிளாரா ஷூமான், ஃபேனி ஹென்செல், லூயிஸ் ஃபராங்க். வாசிக்கவிருந்தது மூவரும் 1840களில் எழுதிய பியானோ ட்ரையோக்கள், அதாவது பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்கும் எழுதிய படைப்புகள். பத்து நாள் இருக்கும்போது விற்றிருந்த டிக்கெட் 31. கூடத்தில் 120 நாற்காலிகள். அன்று மாலையே கிளாராவுக்குக் கீழே ‘ராபர்ட் ஷூமானின் மனைவி’ என்றும், ஃபேனிக்குக் கீழே ‘ஃபெலிக்ஸ் மெண்டெல்சோனின் சகோதரி’ என்றும் சேர்த்து மறுபடி அச்சடிக்கச் சொன்னேன். அந்த இரண்டு ஆண்களும் எல்லோருக்கும் தெரிந்த இசையமைப்பாளர்கள். கச்சேரியன்று சிலர் சுவரோரம் நின்று கேட்டார்கள்.

ஃபராங்கின் கணவர் புல்லாங்குழல் கலைஞர், இசைப் பதிப்பாளர். கச்சேரி நடந்த பெர்லினில் அவர் பெயரைச் சொல்லி ஒரு டிக்கெட்கூட விற்க முடியாது. அதனால் அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

“முப்பது ஆண்டுகள் பேராசிரியராக இருந்திருக்கிறாரே” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

ஃபராங்க் 1842 முதல் 1873 வரை பாரிஸ் கன்சர்வத்வார் என்ற இசைக் கல்லூரியில் பியானோப் பேராசிரியர். ஆண் பேராசிரியர்களுக்கு இணையான சம்பளத்தை ஆண்டுக்கணக்கில் கேட்டு, 1850இல் ஒன்பது கருவிகளுக்கான தன் நோனெட் அரங்கேறி வெற்றி பெற்ற பிறகு அதை வாங்கியும் விட்டவர். நிகழ்ச்சிக் கையேட்டில் இதையெல்லாம் எழுதியவன் நான்தான். இரண்டு வாரம் படித்து, விரும்பி எழுதினேன். அப்படியிருந்தும் வாசலில் நின்றபோது அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இருக்கவில்லை.

நான் செய்தது தவறென்று என்னால் முழுமனதாகச் சொல்ல முடியவில்லை. கேட்க ஆளில்லாத கூடத்தில் அந்த இசையை வாசித்து யாருக்கு என்ன பயன்? ஃபேனியின் டி மைனர் ட்ரையோ 1847 ஏப்ரலில் வந்த தங்கை ரெபெக்காவின் பிறந்தநாளுக்கென்று எழுதப்பட்டது. மே 14 அன்று ஃபேனி இறந்துவிட்டார். அச்சில் வந்தது 1850இல். அதன்பின் நெடுங்காலம் அதைத் தேடி எடுத்து வாசித்தவர்கள் மிகக் குறைவு. ஒரு வரி சேர்த்ததால் இன்னும் பலர் அதைக் கேட்டார்கள் என்றால் அந்த வரி இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றுகிறது.

அப்படித் தோன்றிய மறுகணமே இன்னொன்று நினைவுக்கு வந்துவிடுகிறது. ஃபெலிக்ஸ் தன் ஓபஸ் (படைப்பு எண்) 8, ஓபஸ் 9 பாடல் தொகுதிகளில் அக்காவின் ஆறு பாடல்களைத் தன் பெயரிலேயே வெளியிட்டார். 1842இல் விக்டோரியா மகாராணி அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஃபெலிக்ஸ் முன்னாலேயே பாட, அது அக்கா எழுதியது என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தன் பெயரில் ஓபஸ் 1 என்று அச்சிடக் கொடுக்க ஃபேனிக்கு நாற்பது வயது ஆகவேண்டியிருந்தது. அவ்வளவு காலம் கழித்து அவர் மீட்டெடுத்த பெயருக்குக் கீழே தம்பியின் பெயரைக் கொண்டுபோய் வைத்தவன் நான்.

கிளாரா விஷயத்தில் என் வரி இன்னும் பிசகானது. அவர்கள் வாழ்ந்த நாளில் ஊர் ஊராகப் பெயர் பெற்றிருந்தவர் கிளாராதான். ராபர்ட்டைக் கிளாராவின் கணவர் என்று அறிந்திருந்தவர்களே பல இடங்களில் அதிகம். ஜெர்மனியின் பழைய நூறு மார்க் நோட்டில் இருந்த முகமும் கிளாராவுடையதுதான். அந்த நோட்டைப் பர்ஸில் வைத்துப் பழகிய ஊரில் அவருக்கு எதற்கு அறிமுகம்? என்னிடம் பதில் இல்லை. அவசரம் என்று சொல்லலாம். ஆனால் நான் அன்று பதறவில்லை, நிதானமாக உட்கார்ந்துதான் எழுதினேன்.

என்னை அதிகம் உறுத்துவது இடைவேளைக்குப் பிறகு நடந்ததுதான். ஃபேனியின் ட்ரையோவில் கடைசிப் பகுதியில் வயலினும் செல்லோவும் காத்திருக்க, பியானோ மட்டும் தன்னந்தனியாக, தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோலத் தொடங்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம். கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த நான், இது ஃபெலிக்ஸின் எந்தப் படைப்பை நினைவூட்டுகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். ஒத்திகையில் கேட்டபோது எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. சுவரொட்டியில் எழுதியது என் காதிலும் ஏறிவிட்டது.

முடிந்து வெளியே வந்த முதியவர் ஒருவர் மிகுந்த மகிழ்ச்சியோடு என் கையைப் பிடித்து, “அண்ணனிடம் நன்றாகக் கற்றிருக்கிறார் இந்தத் தங்கை” என்றார். ஜெர்மன் மொழியில் அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே சொல். நான் தமிழில் யோசித்து எழுதியிருந்தால் ‘அக்கா’ என்றுதான் வந்திருக்கும். ஃபேனி மூன்று வயது மூத்தவர் என்றும், தம்பி தன் படைப்புகளை அவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது வழக்கம் என்றும் சொன்னேன். “அப்படியா?” என்றார். பிறகு, அந்தப் பிரெஞ்சுப் பெண்மணியின் இசைத்தட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பெயரை எழுதிக் கொடுத்தேன்.

அவர் அங்கு வந்தது என் வரியைப் பார்த்துத்தான். வராமல் இருந்திருந்தால் ஃபராங்கின் பெயரே அவருக்குத் தெரிந்திருக்காது. இதை வைத்து என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒரு மனிதரின் ரசனையை வைத்து எதையும் நிறுவ முடியாது. வாசலில் நான் சொன்ன பதில் அப்படியேதான் இருக்கிறது.

அடுத்த பருவத்திலும் வாசிக்க அந்தப் பியானோக் கலைஞர் ஒப்புக்கொண்டிருக்கிறார். சம்பளம், தேதி எதைப் பற்றியும் பேசவில்லை. சுவரொட்டி வாசகத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் தனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். மூன்று வாரமாகிறது, இன்னும் அனுப்பவில்லை.